பேக்கப் யாருடைய பொறுப்பு? கிட்லேப் விபத்தும் ரிமோட் குழுக்களின் தலைமையும்

2017 ஜனவரி 31. உலகப் பொது நேரப்படி இரவு 11 மணி தாண்டியிருந்தது. குழுவாகச் சேர்ந்து நிரல் எழுதுவதற்கான கருவியை இணையத்தில் வழங்கும் கிட்லேப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர், மக்கர் செய்துகொண்டிருந்த துணை டேட்டாபேஸ் சர்வரைத் (முதன்மை சர்வரின் நகலை வைத்திருப்பது) துடைத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று முடிவு செய்து அழிக்கும் கட்டளையைக் கொடுத்தார். ஓரிரு நொடிகளில் அவருக்கு உறைத்தது: கட்டளை ஓடிக்கொண்டிருந்தது முதன்மை சர்வரில். பதறி நிறுத்தினார். அதற்குள் சுமார் 300 ஜிபி தரவு காணாமல் போயிருந்தது. மிஞ்சியது 4.5 ஜிபி.

இந்த விபத்தைப் பேக்கப் பாடமாகப் பலர் எழுதிவிட்டார்கள். நிறுவனத்தின் வெளிப்படைத்தன்மையைப் பாராட்டியும் நிறைய எழுதப்பட்டிருக்கிறது. நான் இதை ரிமோட் குழுவை நடத்துவது பற்றிய நிகழ்வாகப் படிக்கிறேன். ஆளுக்கொரு ஊரில் உட்கார்ந்து வேலை செய்யும் திறமையான குழுவில் தலைவருடைய வேலையில் பெரும்பகுதி எதுவும் நடக்காத நாட்களிலேயே முடிந்துவிட வேண்டும். எது யார் பொறுப்பு, தவறு நடந்தால் அந்த ஆளுக்கு என்ன நடக்கும் என்ற இரண்டு கேள்விகளுக்கும் அன்றே பதில் எழுதி வைத்திருக்க வேண்டும். கிட்லேப் இரண்டாவது கேள்வியில் அபாரமாகத் தேறியது, முதல் கேள்வியில் படுதோல்வி அடைந்தது. ஒரே இரவில் இரண்டும் அருகருகே தெரிவதால்தான் இந்த நிகழ்வு ஆராயத் தக்கது.

நிறுவனம்

கிட்லேப் பிறந்ததே தூரத்தில்தான். 2011-ல் உக்ரைனில் டிமித்ரி ஸபரோஷெட்ஸ், குழுவாகச் சேர்ந்து நிரல் எழுத உருப்படியான கருவி இல்லையே என்ற எரிச்சலில் இதைத் திறந்த மூலத் திட்டமாகத் தொடங்கினார். அவர் வீட்டில் அப்போது குழாய்த் தண்ணீர்கூட இல்லை. தினமும் பொதுக் கிணற்றுக்கு நடப்பதைவிட நல்ல கருவி இல்லாததே அவருக்குப் பெரிய தொல்லையாகத் தெரிந்தது என்று நிறுவனத்தின் வரலாற்றுக் குறிப்பே சொல்கிறது. மறு ஆண்டு நெதர்லாந்திலிருந்த சிட் சிப்ரான்டி இதைப் பார்த்து, இதை வைத்துத் தொழில் நடத்தலாம் என்று இறங்கினார். இருவருக்கும் பாலம் மின்னஞ்சல்தான்.

2015-ல் புதிய நிறுவனங்களுக்கு முதலீடும் வழிகாட்டலும் தரும் ஒய் காம்பினேட்டரின் பயிற்சிக்காகச் சிறிது காலம் அமெரிக்காவில் ஒரே இடத்தில் கூடினார்கள். அதன்பின் அங்கே வேலைக்குச் சேர்ந்தவர்கள் சில நாட்கள் அலுவலகம் வந்தார்கள், பிறகு வராமல் நின்றுவிட்டார்கள். வந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற நிலை எதிலும் இல்லை, எல்லாம் எழுத்தில் இருந்தது. அப்படியே அலுவலகம் இல்லாத நிறுவனமாக வளர்ந்து, 2021 அக்டோபரில் நாஸ்டாக் பங்குச் சந்தையில் பட்டியலானபோது 65-க்கும் மேற்பட்ட நாடுகளில் சுமார் 1,350 பேர் அதில் வேலை செய்தார்கள்.

விபத்து நடந்த 2017-ல் அது இன்னும் சின்ன நிறுவனம். ஆனால் குழுவில் இருந்தவர்கள் கைதேர்ந்தவர்கள். இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. நடந்தது சோம்பேறிகளின் கதையாக இருந்திருந்தால் தலைமை பற்றி இதிலிருந்து கற்றுக்கொள்ள ஒன்றும் இருக்காது.

அந்த இரவு

மாலை 7 மணி வாக்கில் டேட்டாபேஸ் மீது சுமை ஏறத் தொடங்கியது. ஸ்பாம் கணக்குகள் ஒரு காரணம். இன்னொரு காரணம் கேட்டால் சிரிப்பு வரும்: யாரோ ஒருவர் கிட்லேப் ஊழியர் ஒருவரின் கணக்கையே முறைகேடானது என்று புகார் செய்ய, அது தவறுதலாக அழிப்புப் பட்டியலில் சேர்ந்து, அந்த ஊழியரின் கணக்கையும் அதோடு சேர்ந்த அத்தனை தரவையும் நீக்கும் வேலை பின்னணியில் ஓடிக்கொண்டிருந்தது.

சுமையால் முதன்மை சர்வரிலிருந்து துணை சர்வருக்குப் போக வேண்டிய நகல் பின்தங்கி, கடைசியில் நின்றே போனது. இனி துணை சர்வரைக் காலி செய்து முழு நகலையும் மறுபடி எடுக்க வேண்டும். அதற்கான கட்டளையைக் கொடுத்தால் அது ஒரு பிழைச் செய்தியும் இல்லாமல் சும்மா நின்றது. உண்மையில் முதன்மை சர்வர் தரவு அனுப்பத் தொடங்கும்வரை அந்தக் கட்டளை அப்படித்தான் காத்திருக்கும். ஆனால் அந்த விவரம் குழுவின் இயக்கக் குறிப்பேட்டில் இல்லை, மென்பொருளின் அதிகாரப்பூர்வ ஆவணத்திலும் தெளிவாக இல்லை. பொறியாளர் என்ன செய்வார்? கோப்புறையில் ஏற்கெனவே ஏதோ கிடப்பதால் கட்டளை முரண்டு பிடிக்கிறது என்று எண்ணினார். அழித்தார். ஆனால் அவர் கட்டளையைத் தட்டியது முதன்மை சர்வரின் ஜன்னலில்.

அன்றைய நேரடிக் குறிப்பில் இன்னொரு வரியும் இருக்கிறது. அந்தப் பொறியாளர் நேரமாகிவிட்டது என்று வேலையை முடித்துக் கிளம்பப் போனவர், நகல் சிக்கல் வந்ததால் தங்கிவிட்டார். அலுவலகமாக இருந்தால் யாராவது தோளைத் தட்டி, "போதும், வீட்டுக்குக் கிளம்பு" என்று சொல்லியிருக்கலாம். வீட்டிலிருந்தே வேலை செய்பவருக்குக் கிளம்புவதற்கு இடம் இல்லை. ஊக்கம் மிகுந்த ஆட்கள் இருக்கும் ரிமோட் குழுவில் தலைவர் பயப்பட வேண்டியது வேலை செய்யாதவர்களைப் பற்றி அல்ல, நிறுத்தத் தெரியாதவர்களைப் பற்றி. அவர்களை நிறுத்தச் சொல்லும் விதி எழுத்தில் இல்லாவிட்டால் வேறு எங்கும் இருக்காது.

ஐந்து பேக்கப், கையில் ஒன்றும் இல்லை

சரி, பேக்கப்பிலிருந்து மீட்டுவிடலாம் என்று போனார்கள். அங்கேதான் உண்மையான அதிர்ச்சி.

நாள்தோறும் எடுக்கப்பட்டு அமேசான் சேமிப்பகத்துக்குப் போயிருக்க வேண்டிய பேக்கப்புகளைத் தேடினால் அந்த இடம் காலியாக இருந்தது. டேட்டாபேஸ் ஓடியது போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருளின் 9.6 பதிப்பில், பேக்கப் எடுக்கும் நிரலோ 9.2 பதிப்பில் ஓடி ஒவ்வொரு நாளும் தோற்றுக்கொண்டிருந்தது. தோற்றதைச் சொல்ல வேண்டிய மின்னஞ்சல்கள்? அனுப்பப்பட்டன, ஆனால் அனுப்புநர் சரிபார்ப்பு விதிகளுக்கு அவை பொருந்தாததால் பெறும் சர்வர் திருப்பித் தள்ளியது. யாருக்கும் ஒரு மின்னஞ்சலும் வரவில்லை. வராததால் எல்லாம் நன்றாக நடக்கிறது என்று எல்லோரும் நம்பினார்கள்.

மைக்ரோசாஃப்டின் மேகக் கணினிச் சேவையான அஸ்யூரின் வட்டு நகல்கள் கோப்பு சர்வர்களுக்கு மட்டும் இயக்கப்பட்டிருந்தன, டேட்டாபேஸ் சர்வர்களுக்கு இல்லை. துணை சர்வர் ஏற்கெனவே துடைக்கப்பட்டிருந்தது. பயன்படுத்தப்பட்ட ஐந்து வழிகளில் ஒன்றுகூட நம்பத்தக்க விதத்தில் வேலை செய்யவில்லை, சில தொடக்கத்திலிருந்தே அமைக்கப்படவில்லை என்று அவர்களே அன்றைக்கு எழுதி வைத்தார்கள்.

காப்பாற்றியது அதிர்ஷ்டம். அன்று மாலை 5:20 வாக்கில் வேறொரு சோதனைக்காகப் பொறியாளர் ஒருவர் டேட்டாபேஸின் நகலைக் கையால் எடுத்திருந்தார். தானாக எடுக்கப்படும் நகல் 24 மணி நேரத்துக்கு ஒருமுறைதான். அவர் அன்று அந்த வேலையை எடுத்திருக்காவிட்டால் இழப்பு இன்னும் பல மடங்கு ஆகியிருக்கும். அந்த நகலிருந்த சோதனைச் சர்வரின் வட்டு மிக மெதுவானது. அதிலிருந்து திருப்பி எடுக்க மட்டும் ஏறக்குறைய 18 மணி நேரம் பிடித்தது. இறுதிக் கணக்கில் சுமார் 5,000 திட்டங்கள், 5,000 கருத்துகள், 700 புதிய பயனர் கணக்குகள் பாதிக்கப்பட்டன. மாலை 5:20-க்கும் நள்ளிரவுக்கும் இடையில் டேட்டாபேஸில் பதிவானவை திரும்பவில்லை. பயனர்களின் நிரல் களஞ்சியங்கள் தனி இடத்தில் இருந்ததால் தப்பின.

கதவைத் திறந்து வைத்த மீட்பு

விபத்து தெரிந்த சில மணி நேரத்துக்குள் கிட்லேப் தன் உள் குறிப்பு ஆவணத்தை உலகத்துக்குத் திறந்துவிட்டது. யார் எத்தனை மணிக்கு என்ன செய்தார், எது பலிக்கவில்லை, அடுத்து எதை முயலப் போகிறோம் என்று வரி வரியாக யார் வேண்டுமானாலும் படிக்கலாம். மீட்பு வேலையை யூடியூபில் நேரலையாகக் காட்டினார்கள். உச்சத்தில் சுமார் 5,000 பேர் பார்த்தார்கள். அதில் பலர் வேறு நிறுவனங்களின் பொறியாளர்கள். யோசனை சொன்னார்கள், தேற்றினார்கள்.

இதை வாடிக்கையாளர் உறவுத் தந்திரம் என்று சிலர் ஒதுக்குகிறார்கள். ஓரளவு உண்மையாகவே இருக்கட்டும். குழுவுக்குள் அது செய்த வேலை வேறு. நெருக்கடியில் ரிமோட் குழுவைக் குலைப்பது வதந்தி. ஒருவருக்கொருவர் தனிச் செய்தி அனுப்பிக்கொண்டு, மேலிடம் என்ன நினைக்கிறது என்று ஊகித்துக்கொண்டு, ஆளுக்கொரு கதையோடு உட்கார்ந்திருப்பார்கள். ஒரே ஆவணம், எல்லோரும் பார்க்கும் இடத்தில், நேரம் குறித்து எழுதப்படும்போது அந்த ஊகத்துக்கு வேலை போய்விடுகிறது. தூங்கி எழுந்து வேறொரு நேர மண்டலத்திலிருந்து வருபவர் யாரையும் தொந்தரவு செய்யாமல் படித்துவிட்டு நேராகக் கைகொடுக்கலாம்.

அதே ஆவணத்தில் எனக்கு மிகவும் பிடித்த பதிவு, கட்டளையைக் கொடுத்த பொறியாளரைப் பற்றியது: இன்று இனி தான் உயர் அனுமதியோடு எந்தக் கட்டளையும் இயக்காமல் இருப்பதே நல்லது என்று சொல்லி, மீட்பு வேலையைச் சக பொறியாளரிடம் ஒப்படைத்தார். கலங்கிப்போன ஆள் தன் கையிலிருந்து சாவியைத் தானே எடுத்துக் கொடுக்கிறார், அது எல்லோரும் பார்க்கப் பதிவாகிறது. தண்டனைக்குப் பயந்தவர் இதைச் செய்ய மாட்டார். தானே சரிசெய்து மூடிமறைக்கப் பார்ப்பார், அதிகாலை வரை விடாமல் தட்டுவார், சேதம் இரட்டிப்பாகும்.

பெயர் சொல்லாத அறிக்கை

சில நாட்கள் கழித்து, பிப்ரவரி 10 அன்று வெளியான முழு ஆய்வறிக்கையில் அந்தப் பொறியாளரின் பெயர் இல்லை. 'குழு உறுப்பினர் 1' என்று மட்டும் இருக்கும். வேலையும் போகவில்லை. பிறகு நிறுவனத்தின் குழுப் பக்கத்தில் தன் பதவிப் பெயரை 'டேட்டாபேஸ் (நீக்க) நிபுணர்' என்று அவரே விளையாட்டாக மாற்றிக்கொண்டார். தன்னையே கேலி செய்துகொள்ளும் துணிச்சல் ஒருவருக்கு எந்தச் சூழலில் வரும் என்று யோசித்தால், எந்த ஊழியர் திருப்திக் கணக்கெடுப்பும் சொல்லாததை இந்த ஒரு கேலி சொல்லிவிடும்.

மன்னிப்பு கேட்டவர் தலைமைச் செயல் அதிகாரி. உற்பத்தித் தரவை இழப்பது ஏற்க முடியாதது என்று எழுதினார். பொறுப்பை நிறுவனம் எடுத்துக்கொண்டது, பாடம் குழுவுக்குப் போனது. பல இடங்களில் இது தலைகீழாக நடக்கிறது. பொறுப்பு கீழே போகும், பாடம் எங்கும் போகாது.

எழுதும் முறையிலேயே இது இருக்கிறது. "இன்னார் தவறான சர்வரில் அழித்துவிட்டார்" என்று எழுதினால் அடுத்த நடவடிக்கை அந்த ஆளைப் பற்றியதாகவே இருக்கும்: எச்சரிக்கை, அனுமதிப் பறிப்பு, "கவனமாக இருங்கள்" என்று எல்லோருக்கும் ஒரு சுற்றறிக்கை. "நள்ளிரவு நேரத்தில், இரண்டு சர்வர்களின் திரைகளும் பார்க்க ஒரே மாதிரி இருந்தன, எது எது என்று காட்ட ஒன்றும் இல்லை" என்று எழுதினால் அடுத்த நடவடிக்கை திரையைப் பற்றியதாகிறது. கிட்லேப் அதைத்தான் செய்தது. எந்த சர்வரில் இருக்கிறோம் என்பது கட்டளைத் திரையில் பளிச்சென்று தெரியும்படி மாற்றுவது அவர்கள் சீர்திருத்தப் பட்டியலில் ஒன்று.

மேலாண்மை ஆய்வாளர் ஏமி எட்மன்சன் 1990-களில் மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்தபோது, நன்றாக நடத்தப்படும் குழுக்களில் மருந்துத் தவறுகள் அதிகமாகப் பதிவாவதைக் கண்டு திகைத்தார். தோண்டிப் பார்த்தால், அவர்கள் அதிகம் தவறு செய்யவில்லை, செய்ததைச் சொன்னார்கள். ஒரே கூரையின் கீழ் இருக்கும் குழுவிலாவது முகத்தைப் பார்த்து ஏதோ சரியில்லை என்று கண்டுபிடிக்கலாம். தூரத்தில் இருப்பவர் சொன்னால்தான் தெரியும். ஆகவே சொல்வதற்கான விலையைக் குறைப்பது ரிமோட் தலைவருக்குப் பண்பு மட்டுமல்ல, தகவல் வரும் ஒரே வழி.

யார் பொறுப்பு?

இதுவரை எல்லாம் பாராட்டு. இப்போது கசப்பான பகுதி, என் பார்வையில் இதுவே நிகழ்வின் மையம்.

ஆய்வறிக்கையில் 'ஏன்' என்று அடுக்கடுக்காகக் கேட்டுக்கொண்டே போகிறார்கள். பேக்கப்பிலிருந்து மீட்கும் முறை ஏன் அவ்வப்போது சோதிக்கப்படவில்லை? அதற்கு அவர்கள் எழுதிய பதிலின் சாரம்: அதற்கு உரிமையாளர் யாரும் இல்லை, ஆகவே அதைச் சோதிக்கும் பொறுப்பும் யாருக்கும் இல்லை. பதிப்புப் பொருத்தமின்மை, திருப்பித் தள்ளப்பட்ட மின்னஞ்சல், இயக்கப்படாத வட்டு நகல் எல்லாம் இந்த ஒரு வரியின் கிளைகள்.

குழுவில் எல்லோருக்கும் பேக்கப் முக்கியம் என்று தெரியும். யாரைக் கேட்டாலும் "கட்டாயம் வேண்டும்" என்றுதான் சொல்லியிருப்பார்கள். ஊக்கமுள்ள ஆட்கள் எதன் பின்னால் ஓடுவார்கள்? புதிய வசதி, வேகம், கண்ணுக்குத் தெரியும் முன்னேற்றம். பேக்கப் அப்படியல்ல. நன்றாக நடந்தால் ஒன்றும் தெரியாது, யாரும் கைதட்ட மாட்டார்கள். ஊரார் பசு ஊருக்கெல்லாம் பால் கொடுக்கும், புல் போடத்தான் ஆள் இருக்காது.

அலுவலகத்தில் இந்த மாதிரி வேலைகளுக்கு அறிவிக்கப்படாத காவலர் ஒருவர் தானாக முளைப்பார். மூத்தவர், கொஞ்சம் சிடுசிடுப்பானவர், "இதை யாராவது பார்த்தீர்களா?" என்று தேநீர் நேரத்தில் கேட்டு எல்லோரையும் நச்சரிப்பவர். எந்த அமைப்பு வரைபடத்திலும் அவர் செய்யும் அந்த வேலை இருக்காது. ரிமோட் குழுவில் நச்சரிக்க இடமே இல்லை. எல்லோரும் தங்கள் பட்டியலில் இருப்பதைச் செவ்வனே செய்து முடிப்பார்கள், பட்டியலில் இல்லாதது இல்லாமலேயே போகும். திறமை கூடக் கூட இந்த ஆபத்து குறைவதில்லை, கூடுகிறது. திறமைசாலிகள் இருக்கும் குழுவில் "வேறு யாரோ நிச்சயம் பார்த்திருப்பார்" என்ற நம்பிக்கை அதிகம்.

மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டதும் இங்கே சேரும். பிழை மின்னஞ்சல் வராததை 'சரி' என்று படித்தார்கள். ரிமோட் தலைவர்கள் மனிதர்களிடமும் இதே தப்பைச் செய்வதைப் பார்க்கலாம். ஒருவர் சாட்டில் எதுவும் கேட்பதில்லை, மீட்டிங்கில் ஆட்சேபம் சொல்வதில்லை, வேலை வந்து சேர்கிறது. நன்றாக இருக்கிறார் என்று குறித்துக்கொள்கிறோம். ராஜினாமாக் கடிதம் வரும்போது "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்கிறோம். பேக்கப்புக்கும் ஆளுக்கும் தேவை ஒன்றே. நன்றாக இருப்பதற்கான அடையாளம் அவ்வப்போது வர வேண்டும், அது வராவிட்டால் தேடிப் போக ஒருவர் இருக்க வேண்டும்.

கிட்லேப் வெளியிட்ட சீர்திருத்தப் பட்டியலில் தானியங்கி மீட்புச் சோதனை, கண்காணிப்பு எல்லாம் உண்டு. அவற்றுக்கு நடுவே சாதாரணமாக ஒரு வரி: தரவுப் பாதுகாப்புக்கு ஓர் உரிமையாளரை நியமிப்பது. ஒரு பெயர் எழுதும் வேலை, பணச் செலவில்லை. அதைச் செய்ய ஒரு பேரிடர் தேவைப்பட்டது.

எழுதி வைத்து நடத்துவது

ஒரு வேலைக்கு ஒரே ஒரு நேரடிப் பொறுப்பாளர் என்ற முறை ஆப்பிளிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். கிட்லேப் தன் பொதுக் கையேட்டில் அதை விரிவாகவே எழுதி வைத்திருக்கிறது. பொறுப்பாளர் எல்லோரிடமும் கருத்துக் கேட்கலாம், ஆனால் முடிவு அவருடையது, எல்லோருடைய சம்மதத்துக்கும் காத்திருக்கத் தேவையில்லை. இதை நிர்வாகக் கட்டுப்பாடாகப் பார்ப்பவர்கள் உண்டு. நான் இதை ஊக்கத்தின் மூலமாகப் பார்க்கிறேன். 'இது என்னுடையது, நான் முடிவெடுக்கலாம்' என்று ஒரு பரப்பு கையில் இருப்பது திறமையான ஆளுக்குப் போனஸைவிடப் பெரிது. பலர் வேலையை விடுவது சம்பளத்துக்காக என்று வெளியில் சொன்னாலும், எதிலும் கையெழுத்துப் போடும் உரிமை இல்லாமல் எல்லாவற்றுக்கும் பதில் சொல்ல வேண்டியிருந்த களைப்பு அடியில் இருக்கும்.

கையேடு பொதுவெளியில் இருக்கிறது, அச்சிட்டால் 2,000 பக்கங்களைத் தாண்டும். உள்ளரட்டைச் செய்திகளோ 90 நாட்களில் அழிந்துபோகும்படி வைத்தார்கள். முக்கியமான முடிவை சாட்டில் விட்டால் அது காணாமல் போகும், ஆகவே கையேட்டுக்குக் கொண்டுபோக வேண்டிய கட்டாயம் வருகிறது. முரட்டு வழிதான், ஆனால் வேலை செய்கிறது. நிகழ்ச்சி நிரல் ஆவணம் இல்லாத மீட்டிங்குக்கு வரத் தேவையில்லை என்பதும் அவர்கள் வழக்கம்.

இதற்கு ஒரு விலையும் உண்டு. எழுத்தில் வல்லவர்களின் குரல் ஓங்கும். நல்ல யோசனை உள்ள, ஆனால் பொது ஆவணத்தில் நீளமாக எழுதக் கூச்சப்படும் ஆள் பின்தங்குவார். ஆங்கிலம் இரண்டாம் மொழியாக இருப்பவர்களுக்கு இது இன்னும் கடினம். எழுத்தை நம்பி நடத்தும் தலைவர், யார் எழுதுவதில்லை என்பதையும் பார்க்க வேண்டும்.

கண்காணிப்பு ஏன் உதவியிருக்காது

ரிமோட் குழு என்றதும் சில மேலாளர்கள் கை நீட்டுவது கண்காணிப்பு மென்பொருளுக்கு. விசைப்பலகை தட்டப்பட்ட எண்ணிக்கை, சாட்டில் பச்சைப் புள்ளி எரிந்த நேரம், திரையைப் பிடித்த படங்கள். அந்த ஜனவரி இரவில் அப்படி ஒன்று ஓடியிருந்தால் என்ன காட்டியிருக்கும்? நேரம் கடந்தும் உழைக்கும் ஒரு முன்மாதிரி ஊழியரை. காலியாகக் கிடந்த பேக்கப் இடத்தைக் காட்டியிருக்காது.

மைக்ரோசாஃப்ட் 2022 செப்டம்பரில் வெளியிட்ட கணக்கெடுப்பில் 87 சதவீத ஊழியர்கள் தாங்கள் திறம்பட உழைப்பதாகச் சொன்னார்கள். தங்கள் குழு அப்படி உழைக்கிறது என்று முழு நம்பிக்கை கொண்ட தலைவர்கள் 12 சதவீதம். இந்த இடைவெளியை மென்பொருள் கொண்டு நிரப்பப் பார்த்தால் என்ன ஆகும் என்பதை அதே நிறுவனம் 2020-லேயே பார்த்தது. தனிநபர் பெயரோடு உழைப்பு மதிப்பெண் காட்டிய வசதிக்குக் கடும் எதிர்ப்பு வர, சில நாட்களில் பெயர்களை நீக்கியது.

எதிர்த்திசைச் சான்றுகளையும் சொல்ல வேண்டும். ரிமோட் என்றாலே நல்லது என்று எழுதுபவர்கள் பொருளியலாளர் நிக்கலஸ் ப்ளூமும் சகாக்களும் சீனப் பயண நிறுவனமான சிட்ரிப்பில் நடத்திய சோதனையைத் தவறாமல் மேற்கோள் காட்டுவார்கள். ஒன்பது மாதச் சோதனை, அழைப்பு மைய ஊழியர்கள், வீட்டிலிருந்து வேலை செய்தவர்களின் செயல்திறன் 13 சதவீதம் உயர்ந்தது, வேலையை விட்டு விலகியவர்கள் பாதியாகக் குறைந்தார்கள். அதே ஆய்வில் அதிகம் பேசப்படாத இரண்டு முடிவுகள் உண்டு. செயல்திறனைக் கணக்கில் கொண்டு பார்த்தால் வீட்டிலிருந்தவர்களுக்குப் பதவி உயர்வு வாய்ப்பு குறைந்திருந்தது. சோதனை முடிந்து விருப்பம் கேட்டபோது ஏறக்குறைய பாதிப் பேர் அலுவலகத்துக்கே திரும்பினார்கள், தனிமையும் ஒரு காரணம். மைக்ரோசாஃப்டின் 61,182 அமெரிக்க ஊழியர்களின் தகவல் தொடர்பை ஆராய்ந்து 2021-ல் வந்த கட்டுரை, ரிமோட் வேலையால் குழுக்களுக்கு இடையேயான தொடர்பு சுருங்கி ஒவ்வொரு குழுவும் தனித்தீவாக இறுகியதைக் காட்டியது.

இவற்றை கிட்லேப் நிகழ்வோடு சேர்த்துப் படித்தால் ஒன்று தெரிகிறது. பேக்கப் நிரலைத் தொட்டவர், மின்னஞ்சல் சரிபார்ப்பைப் பார்த்தவர், டேட்டாபேஸ் பதிப்பை உயர்த்தியவர் என்று அவரவர் தம் பக்கத்தைச் செய்தாலும், கோளாறு இருந்தது இந்த வேலைகளின் சந்திப்பில். தூரம் முதலில் அரிப்பது குழுவுக்குள் இருக்கும் உறவை அல்ல, வேலைகள் சந்திக்கும் அந்த மூலைகளை. தலைவருடைய நேரம் போக வேண்டியதும் அங்கேதான்.

இதை எடுத்துச் செய்வதென்றால்

ரிமோட் குழுவை நடத்துபவருக்கு இந்த நிகழ்விலிருந்து நான் எடுத்துக் கொடுப்பது ஒரு சிறிய பயிற்சி. சத்தமில்லாமல் நடந்தால் மட்டுமே நன்றாக நடக்கிறது என்று நீங்கள் நம்பும் வேலைகளை வரிசையாக எழுதுங்கள்: பேக்கப், அனுமதி நீக்கம், உரிமப் புதுப்பிப்பு, புதியவருக்கான அறிமுகம், வாடிக்கையாளர் புகார் வந்துசேரும் பெட்டி. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு பெயர், கடைசியாகச் சோதித்துப் பார்த்த தேதி. 'குழு' என்று எழுதக் கூடாது, ஆள் பெயர் வேண்டும். முதல் முறை எழுதும்போது பாதி இடம் வெறுமையாக இருந்தால் வெட்கப்படாதீர்கள், கிட்லேப்பும் அங்கேதான் நின்றது.

பெயர் எழுதிய பிறகு அந்த வேலைக்கு மதிப்பும் கொடுக்க வேண்டும். பேக்கப் மீட்புச் சோதனை வெற்றி பெற்றது என்ற செய்தியைப் புதிய வசதி வெளியான செய்திக்குச் சமமாக எல்லோரும் பார்க்கும் இடத்தில் போடுங்கள். பதவி உயர்வுப் பேச்சில் அதைக் கணக்கில் எடுங்கள். சிட்ரிப் ஆய்வு சொன்னது நினைவிருக்கட்டும்: கண்ணில் படாதவருக்குப் பதவி உயர்வு தானாக வராது, யாராவது கொண்டுவந்து வைக்க வேண்டும். அந்த யாராவது தலைவர்தான்.

இரவுப் பணிக்குக் கைமாற்று விதி வேண்டும். சிக்கல் நீண்டால், இத்தனை மணி நேரத்துக்கு மேல் ஒரே ஆள் தொடரக் கூடாது, திரும்பப் பெற முடியாத கட்டளைக்கு இன்னொருவர் கண் வேண்டும், அழைத்து எழுப்பினால் யாரும் கோபிக்க மாட்டார்கள். கடைசியாகச் சொன்னதைத் தலைவர் ஒருமுறையாவது தானே எழுந்து வந்து நிரூபிக்க வேண்டும்.

நிகழ்வு பதில் சொல்லாதவை

கிட்லேப்பை அப்படியே நகலெடுக்கச் சொல்ல மாட்டேன். அவர்கள் விற்கும் பொருளே தூரத்திலிருந்து சேர்ந்து வேலை செய்வதற்கான கருவி, ஆகவே எழுதி வைத்து வேலை செய்வது அவர்களுக்குத் தொழிலோடு ஒட்டியது. வாடிக்கையாளரின் நோயோ பணமோ சம்பந்தப்பட்ட ஒரு நிறுவனம் தன் விபத்துக் குறிப்பை யூடியூபில் ஓட்ட முடியாது. அப்படிப்பட்ட இடத்தில் அந்தத் திறப்பு குழுவுக்குள் மட்டும் இருக்க வேண்டும், அதற்கே பல நிறுவனங்களில் துணிச்சல் போதாது.

ஊதியம் இன்னொன்று. ஒரே வேலைக்கு, ஊழியர் வசிக்கும் இடத்தைப் பொறுத்து வெவ்வேறு சம்பளம் என்பது கிட்லேப் பின்பற்றிய முறை. கணக்கை மறைக்காமல் வைத்தார்கள் என்பது உண்மை. ஆனால் ஒரே ஆவணத்தில், ஒரே சிக்கலில், ஒரே இரவில் விழித்திருக்கும் இருவரில் ஒருவர் மற்றவரைவிடக் குறைவாக வாங்குகிறார் என்பது எத்தனை வெளிப்படையாகச் சொன்னாலும் உறுத்தும். ஒரே ஊதியம் என்று வைத்தால் சில ஊர்களில் ஆள் கிடைக்காது, சில ஊர்களில் வேலையை விட்டு விலக முடியாத அளவு பணம் ஆளைக் கட்டிப்போடும். இரண்டு முறையையும் நடத்தும் நிறுவனங்கள் இருக்கின்றன. இரண்டிலும் மனத்தாங்கல் உள்ளவர்கள் இருக்கிறார்கள், எந்த முறையைத் தேர்ந்தாலும் அந்த மனத்தாங்கலைக் கேட்க வேண்டிய ஒரு மணி நேரம் தலைவருடைய நாட்காட்டியில் இருக்க வேண்டியிருக்கிறது.